பொடக்காணியில் ஒரு குட்டி வீடு

அந்தக் குட்டி வீட்டை நாச்சிமுத்து தன் மகள் விளையாடத்தான் கட்டினான், ஊர்ப் பேச்சை ஒட்டுக் கேட்பதற்காகக் கட்டவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் வீதியில் பாதிப் பேர் இன்றைக்கும் அதை நம்புவதில்லை. கோபிக்குப் பக்கத்தில் பாசன வாய்க்காலை ஒட்டி மேடாகப் போகிற வீதி எங்களுடையது. பதினெட்டு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் பொடக்காணி என்று நாங்கள் சொல்கிற கொல்லைப்புறம், அதில் ஒரு முருங்கை, ஒரு துவைக்கிற கல், இடுப்பளவு மதில், மதிலுக்கு மேலே இரண்டு வீட்டுப் பேச்சையும் கலந்துகொண்டு போகிற காற்று. ஏழாவது வீடு நாச்சிமுத்துவினுடையது. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடையில் வேலை பார்க்கிறவன், அதிகம் பேசாதவன். மனைவி தேவகி பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் அளக்கிறவள். நாச்சிமுத்துவின் அக்கா ருக்குமணி, புருசன் செத்த பிறகு இரண்டு டிரங்குப் பெட்டியோடு வந்து ஐந்து வருசமாகத் தம்பி வீட்டிலேயே இருக்கிறவள். நாலாவதாக ஒன்பது வயது மிருதுளா.

சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாள் மிருதுளா ஒரு நோட்டுத் தாளில் படம் வரைந்து அப்பனிடம் நீட்டினாள்: நாலு சுவர், சாய்ந்த கூரை, ஒரு ஜன்னல், குனிந்து தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு வாசல். "பெரியவங்க உள்ள வரக் கூடாது. அதுக்குத்தான் வாசல் சின்னது" என்றாள். நாச்சிமுத்து கடையில் கேட்டு, பெரிய மோட்டார்கள் வந்திறங்கிய பெட்டிகளின் பலகைகளை வாங்கி வண்டியில் கட்டிக் கொண்டுவந்தான், பழைய இரும்புக் கடையில் உடைத்துப் போட்ட பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி ஒன்று சட்டத்தோடு கிடைத்தது, கூரைக்குத் தகரம். ஆணி அடித்தால் பலகை பிளக்குமென்று எல்லாவற்றையும் போல்ட்டு நட்டுப் போட்டு முறுக்கினான். தேவகி செம்மண்ணைக் குழைத்துத் தரை மெழுகினாள். ருக்குமணி தன் பழைய சேலை ஒன்றை வாசல் திரைக்கென்று எடுத்துக் கொடுத்தாள். மிருதுளா மேற்குச் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து அதில் ஒரு மீன் வரைந்தாள், மீனுக்குக் கண் பெரிதாகப் போய்விட்டது. ஒன்பது நாளும் அந்த நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சுத்தியல் எடுத்துக் கொடுத்தும், தண்ணீர் மொண்டு கொடுத்தும், காரணமில்லாமல் சிரித்தும் வேலை செய்ததை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் பார்த்தோம். அப்படி என்ன சிரிப்பு என்று அப்போதே எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

வீடு முடிந்த மூன்றாம் நாள், காலை பதினோரு மணிக்கு, மிருதுளா உள்ளே பொம்மைக்குச் சோறாக்கிக்கொண்டிருந்தாள். சமையலறையில் தேவகி அவரைக்காய் அரிந்துகொண்டே, பிள்ளை கணக்கில் முப்பத்தொன்று வாங்கியிருப்பதை ருக்குமணியிடம் சொன்னாள். தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். "என்ற தம்பியாட்டவே மண்டா வந்துருமோன்னு பயமா இருக்குதுங் நங்கையா." புருசனுடைய அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவது.

அரை நிமிசத்தில் மிருதுளா பின்வாசலில் வந்து நின்றாள்.

"மாமனாட்ட நா ஒன்னும் மண்டு இல்லீங்ம்மா. கேள்வித்தாளுலதான் தப்பு."

"நீ எங்கிருந்துடி கேட்டே?"

"குட்டி வீட்டுல இருந்துதான். காதுகிட்ட வந்து சொன்னீங்களே!"

தேவகி கத்தியைக் கீழே வைத்தாள். பிள்ளையைத் திரும்ப உள்ளே போகச் சொல்லிவிட்டு, முன்வாசல் கேட்டு வரைக்கும் நடந்து போய், வீதியைப் பார்த்து நின்றுகொண்டு, தனக்கே கேட்காத குரலில், மிருதுளாவுக்குப் பச்சைப் பாவாடை எடுக்கோணும் என்று முணுமுணுத்தாள். பொடக்காணியிலிருந்து சத்தம் வந்தது: "பச்சை வேண்டாம்மா, ஊதா!" தேவகி திரும்பி உள்ளே வந்தாள். அடுப்பில் பருப்பு பொங்கியதால் போய் இறக்கி வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் அவர்களுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றி அந்த நேரத்தில் யார் எங்கே பேசினாலும், பேசியவர் குரலிலேயே, காதோரம் வாய் வைத்துச் சொல்வதுபோல் கேட்டது. அடுத்தவரைப் பற்றிய பேச்சு கேட்கவில்லை. நேற்றைய பேச்சு கேட்கவில்லை. யாரும் பேசவில்லையென்றால் ஒன்றுமே கேட்கவில்லை. வேலையிலிருந்து வந்த நாச்சிமுத்து உள்ளே தவழ்ந்து போய்க் கால் மணி நேரம் உட்கார்ந்தபோது, அவன் முதலாளி யாரிடமோ, "நாச்சிமுத்து கை சுத்தம்தான், ஆனா வாயில்லாத மாடு, எவ்வளவு வேலை குடுத்தாலும் கேக்க மாட்டான்" என்று சொல்லிச் சிரித்தது கேட்டது. வெளியே வந்தவன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அவன் எப்போதும் பேசாதவன் என்பதால் அந்த இரண்டு நாளும் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நாலாம் நாள் ருக்குமணி வாசல் திரையைத் தைக்கிற சாக்கில் உள்ளே போனாள். அதே நேரம் தேவகி தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "நங்கையா நல்லவிகதாம்மா, ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா சமையக்கட்டுல எந்தப் பக்கம் திரும்புனாலும் அவிகதான் நிக்கறாங். அஞ்சு வருசமாச்சு. என்ற ஊட்டுல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நானே ஒத்தையா ஒரு காப்பி வெச்சுக் குடிச்சிருப்பனா?"

ருக்குமணி திரையின் நாலு ஓரத்தையும் மடித்துத் தைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். மறுநாளிலிருந்து பத்து மணிக்கு முன்னால் அவள் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. தேவகிக்கு முதலில் ஆறுதலாகவும், பிறகு சந்தேகமாகவும், அதற்குப் பிறகு பயமாகவும் இருந்தது. மூன்றாம் நாள் ருக்குமணி பக்கத்து வீட்டுத் துளசிமணியைப் பார்க்கப் போன சமயம் தேவகி குட்டி வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்தாள். ருக்குமணியின் குரல் வந்தது. "தேவகி எம்பட முன்னால தேனாத்தான் பேசுவா. முதுகுக்குப் பின்னால பேசறதக் கேட்டனுங் துளசி. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில ஆஸ்டலோட வேலை இருக்குதாமா. போயர்லாம்னு இருக்கறேன்." இரண்டு பேருக்கும் இரண்டு பேர் மனசும் தெரிந்தது, தெரியும் என்பதும் தெரிந்தது, அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டார்கள், சட்னி நல்லா இருக்குதா என்று ஒருத்தி கேட்க, நல்லா இருக்குது என்று மற்றவள் சொன்னாள்.

முதுகுக்குப் பின்னால் பேசியதை ருக்குமணி எப்படிக் கேட்டாள் என்று துளசிமணி விடாமல் துருவினாள். ருக்குமணி சொல்லிவிட்டாள். துளசிமணிக்குச் சொன்னது வீதிக்கே சொன்ன மாதிரி.

மறுநாள் காலையில் துளசிமணி ஒரு கிண்ணத்தில் கொள்ளுப் பருப்போடு வந்தாள். பிள்ளை கட்டிய வீட்டை இன்னும் உள்ளே பார்க்கவில்லையே என்றாள். அறுபது வயதில் முட்டி போட்டு நுழைந்து, முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, கிண்ணத்தைக் கூடத் திரும்ப வாங்காமல் நேரே வீட்டுக்குப் போய், மருமகளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல், அவள் கையிலிருந்த சாவிக் கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்த நாள் மருமகள் வந்தாள். அதற்கடுத்த நாள் மூன்று வீட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வைகாசி முடிவதற்குள், எங்கள் வீதியில் ரேஷன் கடைக்கு வரிசை நிற்பது எப்படியோ அப்படி, ஏழாம் வீட்டுப் பொடக்காணிக்கு வரிசை நிற்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, ஒரு ஆளுக்குக் கால் மணி, செருப்பை வெளியே விட வேண்டும், வரிசையில் நிற்கும்போது யாரையும் பற்றிப் பேசக் கூடாது. கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால் நல்லது என்று கோயில் பூசாரி சொன்னார், அவரும் கிழக்குப் பார்த்து உட்கார்ந்து எழுந்து போனவர் மூன்று வெள்ளிக்கிழமை கோயில் நடையைத் திறக்கவில்லை. தனக்குத்தான் ஓட்டு என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தர் தேர்தலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்து மனுவை வாபஸ் வாங்கினார். பொண்ணு பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா, முடிவு சொல்வதற்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்தாள். விசயம் தெரிந்த பெண் வீட்டார் கடிகாரத்தைப் பார்த்து அந்தக் கால் மணி நேரமும் அந்தம்மாவை மாற்றி மாற்றிப் புகழ்ந்தார்கள். வெளியே வந்தவள், இவ்வளவு நல்லவிதமாகப் பேசுகிறவர்களை நம்பிச் சம்பந்தம் வைக்க முடியாது என்று காரில் ஏறிவிட்டாள்.

இது எப்படி என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. முப்பது வருசம் பஸ்ஸில் வந்தவர் போனவர் பேச்செல்லாம் கேட்ட கண்ணாடி, அதுதான் என்றார்கள் சிலர். பலகை எந்த நாட்டு மரமோ என்றார்கள். ஒன்பது நாள் குடும்பமே சிரித்துச் சிரித்துக் கட்டினால் வேறு எப்படி இருக்கும் என்றாள் துளசிமணி. நாச்சிமுத்துவை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

நானும் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். என்ன கேட்டது என்று சொல்ல மாட்டேன்.

கேட்டவர்களெல்லாம் கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நடமாடினார்கள். எதிரே வருகிறவர் சிரித்தால் என்னத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார் என்று தோன்றியது, சிரிக்காவிட்டால் என்னத்தைக் கேட்டார் என்று தோன்றியது. வீட்டில் ஒரு ஆளின் செருப்பு காணவில்லையென்றால் மற்றவர்கள் உடனே அந்த ஆளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை காற்றைப் பார்த்துச் சொன்னார்கள். அதைத் தெரிந்துகொண்டு ஆட்கள் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு மதிலேறிப் போனார்கள். பிறகு சைகை வந்தது. துளசிமணி வீட்டில் சிலேட்டு வாங்கினார்கள். அப்புறம், ஆனி பாதியில், மழை ஓய்வது மாதிரிப் பேச்சே ஓய்ந்தது. ஆளைப் பற்றிய பேச்சு எங்கள் வீதியில் அற்றுப் போனது. குழாயடியில் பெண்கள் மஞ்சள் விலையையும் வாய்க்காலில் தண்ணீர் விட்டதையும் எருமை சினையானதையும் பேசினார்கள். யார் வீட்டில் யாருக்கு வயிற்றுப் போக்கு, யார் மகன் மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, யார் அடுப்பு இன்றைக்கு எரியவில்லை என்பதெல்லாம் ஒவ்வொருத்தர் வாயிலும் வந்து, உதட்டோரம் நின்று, உள்ளே திரும்பிப் போனது.

வரிசை மட்டும் குறையவில்லை. ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தவர்களுக்கு, மற்றவர்கள் தங்களுக்குத் தெரியாமல் எங்கோ எப்படியோ பேசுகிறார்கள் என்ற சந்தேகம்தான் கூடியது.

ஒரே ஒரு ஆள் மட்டும் தினமும் சந்தோசமாக வெளியே வந்தார். பன்னிரண்டாம் வீட்டுப் பங்காருசாமி, சத்தி வழி பஸ்ஸில் முப்பது வருசம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரே மகள் ஓசூரில். மூன்று மணி ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். கனத்த சரீரம், பக்கவாட்டில் திரும்பித்தான் அந்த வாசலில் நுழைய முடியும். கால் மணி கழித்து வெளியே வந்து, "வீதி பூராவும் என்னைப் பத்தித்தான் பேச்சு போங்க. காது வலிக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார். இவரைப் பற்றி யார் பேசுகிறார்கள் என்று எங்களுக்கு ஒருத்தர் மேல் ஒருத்தருக்குச் சந்தேகம். பதினோராம் வீட்டுக்காரர்கள் பதின்மூன்றாம் வீட்டுக்காரர்களைச் சந்தேகப்பட்டார்கள். உண்மை என்னவென்றால் இரண்டு மாசத்தில் ஒரு நாள்கூட அந்த மனிதர் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. இதை அவரே பின்னால் சொன்னார்.

ஆடி பிறந்து காற்று தகரங்களைத் தூக்கித் தூக்கிப் போட்ட ஒரு வாரத்தில் நாலு நாள் அவர் வரவில்லை. அவர் வீட்டுக் கேட்டில் பால் பாக்கெட் பை எடுக்காமல் தொங்கியது. இரண்டாம் நாள் பையில் இரண்டு பாக்கெட், மூன்றாம் நாள் மூன்று. போகிறபோதும் வருகிறபோதும் எல்லோரும் பார்த்தோம். பார்த்ததை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கண்டக்டர் வீட்டுப் பால் அப்படியே தொங்குது என்பதுகூட அவரைப் பற்றிய பேச்சுத்தானே. அவர் போய் உள்ளே உட்கார்ந்திருந்து, என்னை நோட்டம் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டால்?

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. பகல் ஒரு மணிக்குப் பங்காருசாமி வீட்டை விட்டு வெளியே வந்தார். கசங்கிய சட்டையோடு, மதில்களைப் பிடித்துப் பிடித்து, நாலு வீடு தாண்டி நடந்தார். அவர் நடையை ஒன்பது ஜன்னல் பார்த்தது. வேகாத வெயிலில் வரிசையில் யாரும் இல்லை. அவர் பக்கவாட்டில் திரும்பி உள்ளே நுழைந்தார்.

இரண்டு மணிக்கு மிருதுளா தன் பொம்மைச் சட்டியை எடுக்கப் போனவள் ஓடி வந்தாள். "அத்தே! கண்டக்டர் தாத்தா உள்ள படுத்திருக்காங்க. கூப்பிட்டா பேச மாட்டேங்கறாங்க."

ருக்குமணியும் தேவகியும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள். ருக்குமணி ஒல்லி என்பதால் அவள் உள்ளே நுழைந்தாள். அவர் குறுக்காக விழுந்து கிடந்தார், ஒரு கால் மடங்கி வாசலை அடைத்துக்கொண்டிருந்தது, உடம்பு காய்ச்சலில் கொதித்தது, கண் மூடியிருந்தது, மூச்சு இருந்தது. ருக்குமணி அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள். தூக்கி வெளியே இழுக்க ஆகவில்லை.

"நங்கையா, எப்பிடிங் இருக்காரு?"

"மூச்சு இருக்குது. நூத்தியெட்டுக்குப் போனப் போடு. தம்பிக்கும் போடு."

தேவகி போனை எடுத்துக்கொண்டே மதிலுக்கு மேல் கத்தினாள். "ஏனுங், யாராச்சும் வாங்க! கண்டக்டரு விழுந்துட்டாருங்!" பத்து நிமிசத்தில் பொடக்காணி நிறைந்தது. போனில் ஆம்புலன்ஸ்காரர் கேட்டார்: ஆளுக்கு என்ன வயசு, சக்கரை இருக்கிறதா, ரத்தக் கொதிப்பு இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எத்தனை நாளாகக் காய்ச்சல், சொந்தக்காரர் யார். தேவகிக்கு ஒன்றும் தெரியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டம் குட்டி வீட்டின் பஸ் ஜன்னலைப் பார்த்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

"தெரிஞ்சா சொல்லித் தொலைங்களேன்!" என்றாள் தேவகி. "ஆளு போயிட்டா அப்பறம் கேக்கறதுக்கு யாரு இருக்கா, இப்பிடி நிக்கறீங்க?"

துளசிமணிதான் முதலில் பேசினாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "சக்கரை இருக்குது. ரண்டு வருசமா ஊசி போடறாரு. எனக்குத் தெரியும், குப்பையில ஊசி கெடக்கும்." பதினோராம் வீட்டுக்காரர், "செவ்வாக்கெழமையே இருமுனாரு. செவுத்துக்கு அந்தப் பக்கம் ராவெல்லாம் இருமல்" என்றார். மகள் போன் நம்பர் பால்காரரிடம் இருந்தது. நெஞ்சில் கோயமுத்தூரில் வைத்து ஏதோ குழாய் வைத்தார்கள் என்றது ஒரு குரல். எழுபத்திரண்டு வயசு, இல்லை எழுபத்தொன்று என்றது இன்னொரு குரல். தேவகி ஒவ்வொன்றையும் போனில் சொல்லச் சொல்ல, ஒரு மாசமாக அடைத்து வைத்திருந்த வாயெல்லாம் திறந்துகொண்டது, கேட்ட கேள்விக்குப் பதில் முடிந்த பிறகும் யாராலும் நிறுத்த முடியவில்லை. பொண்டாட்டி செத்தப்ப ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வரலை, ஆனா மூணு மாசம் அந்தம்மா செருப்ப வாசல்லயே வெச்சிருந்தாரு. தினமும் காக்காய்க்குச் சோறு வைப்பாரு. கஞ்சன், நல்லது கெட்டதுக்கு எட்டிப் பாக்க மாட்டாரு. என்ற பையனுக்குப் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாச்சுன்னு பஸ்ஸ நிறுத்தி வெச்சாரு ஒரு நாளு. கடைசி வீட்டுப் பூவாத்தா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "நிறுத்தி வெச்சாரா? நா வவுத்துப் புள்ளையோட நின்னேன், எட்டு மாசம், மொட்ட வெயிலு. பாத்துட்டே விசிலடிச்சுட்டுப் போனாரு இந்தாளு! நாலு மைலு நடந்தேன்!"

உள்ளே ருக்குமணியின் மடியில் பங்காருசாமியின் உதடு அசைந்தது. அவள் காதைக் கீழே கொண்டுபோனாள். பிறகு ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்து தலையை நீட்டினாள்.

"அவரு பேசறாரு! அன்னைக்கு அவரு லீவுன்னு சொல்றாரு!"

பூவாத்தா ஜன்னல் வரைக்கும் போனாள். பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், லீவில்லை பொய்யி என்று கத்தினாள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், உள்ளே அந்த மனிதர் கண்ணைத் திறந்து தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டு கிடந்தார். "பேசச் சொல்லு அம்மணி" என்றாராம் ருக்குமணியிடம். "திட்டறதா இருந்தாலும் சரி. நிறுத்த வேண்டான்னு சொல்லு."

அப்போதுதான் ருக்குமணி காதிலும் ஒரு குரல் விழுந்தது. ஆம்புலன்ஸ்காரர், நோயாளி பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். தேவகி சொல்லிக்கொண்டிருந்தாள், மூச்சு வாங்க வாங்க: "என்ற நங்கையா இருக்காங்க. அவிக கைய வெச்சுட்டாப் பயமில்லீங். என்ற புள்ளைக்கு டெங்கு வந்தப்ப ஒம்போது நாளு மடிய விட்டு எறக்கலை அவிக. நா பயந்துட்டு வெளிய உக்காந்திருந்தேன்."

ருக்குமணி அதைக் கேட்டாள். கேட்ட அடுத்த நொடியே, நான் உள்ளே இருப்பது தெரிந்துதானே சொல்கிறாள் என்றும் நினைத்தாள்.

நாச்சிமுத்து ஸ்பேனரோடு வந்து இறங்கினான். ஒரு சுவரைக் கழற்றினால்தான் ஆளை எடுக்க முடியும், மற்ற மூன்று பக்கமும் மண்ணில் புதைத்துக் கட்டியது, மீன் வரைந்த மேற்குச் சுவர்தான் போல்ட்டில் மட்டும் நிற்கிறது. அவன் மகளைப் பார்த்தான்.

"மீனு செவுரு வேண்டாங்ப்பா" என்றாள் மிருதுளா. பிறகு, "சரி, கழட்டுங்க. ஆனா கீழ ரண்டு நட்டு நா கழட்டறேன்" என்றாள். அப்பன் மேலே இரண்டைக் கழற்ற, மகள் மண்டியிட்டுக் கீழே இரண்டைக் கழற்ற, சுவர் சாய்ந்தபோது, ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ அணைத்த மாதிரி உள்ளே சட்டென்று அமைதியானது என்று ருக்குமணி சொன்னாள். எட்டுப் பேர் அவரைச் சேலைத் திரையில் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினோம்.

நெஞ்சுச் சளி முற்றியிருந்தது, சக்கரை எகிறியிருந்தது, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் பங்காருசாமி இளைத்துத் திரும்பி வந்தார். வீடு வீடாகப் போய் நின்று, உள்ளே தனக்கு ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை என்று அப்போதுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் பூவாத்தா வீட்டுக்குப் போய் அந்த லீவு விசயத்தை ஒரு மணி நேரம் வாதாடினார்.

குட்டி வீட்டைத் திரும்பச் சேர்த்துப் பூட்டலாமா வேண்டாமா என்று வீதியில் ஒரு முடிவும் எட்டவில்லை. அதற்குள், பொடக்காணியில் அரைகுறையாக நின்ற அந்த வீட்டின் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் பஸ் ஜன்னல். ஒரு வாரம் கழித்துத் தகரம். பிறகு பலகைகள், போல்ட்டுகள், கடைசியாக மீன் சுவர். மிருதுளா மீனுக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள், மூன்றாம் நாள் துவைக்கிற கல்லுக்கு மேல் இரண்டு போர்வையைக் கட்டி உள்ளே போய்விட்டாள். யாரோ எடுத்து எங்கோ சேர்த்துப் பூட்டி உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு நிச்சயம், அது யார் என்பதில் பதினெட்டு வீட்டுக்கும் பதினேழு வீட்டின் மேல் சந்தேகம். ஆனால் அதற்காக யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை. குழாயடியில் இப்போது ஆளைப் பற்றிப் பேசும்போது பெயரைச் சொல்லிச் சத்தமாகவே பேசுகிறார்கள். "கேட்டுட்டு இருந்தா கேக்கட்டும்" என்று துளசிமணி நாலு திசையும் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

ஏழாம் வீட்டுக்குள் மட்டும் எதுவும் சரியாகவில்லை. தேவகி நல்லவிதமாக நடந்துகொண்டாள். ருக்குமணிக்கு அந்த நல்லவிதம்தான் நெஞ்சைக் குத்தியது. முன்னால் திட்டியது நிஜம், அது நான் கேட்பதாகத் தெரியாமல் சொன்னது. பின்னால் மெச்சியது, நான் கேட்பேன் என்று தெரிந்து சொன்னது. அவள் கணக்கு அப்படி ஓடியது. ஆவணி முதல் திங்கட்கிழமை திருப்பூர் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நாச்சிமுத்து, "அக்கா" என்று மட்டும் சொன்னான். தேவகி பெட்டியின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தாள். எதிர் டீக்கடையில் இருந்த நாங்கள் ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பஸ் தூரத்தில் வாய்க்கால் பாலத்தில் தெரிந்தபோது ருக்குமணி கேட்டாள். இதையும் பின்னால் அவள் சொல்லித்தான் தெரியும்.

"அன்னைக்குப் போன்ல சொன்னியே தேவகி, டெங்கு வந்தப்பன்னு. நா உள்ள இருக்கறேன், என்ற காதுல விழும்னு தெரிஞ்சு சொன்னியா, தெரியாமச் சொன்னியா?"

 பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள்.

"தெரியலீங் நங்கையா" என்றாள். "அப்ப வாயில வந்துது. நீங்க கேப்பீங்கன்னு ஒரு மூலையில தோணியிருக்கும். தோணலைன்னு எப்பிடிச் சொல்றது?"

"அப்ப அதுக்கு முன்னால உங்கம்மாகிட்டச் சொன்னது?"

"அதும் நெசந்தானுங். அன்னைக்கு இருந்த ஆத்தரம் நெசம். இன்னைக்கும் பாதி இருக்குது."

பஸ் கண்டக்டர் ஏறுகிறீர்களா என்று கேட்டான். ருக்குமணி தேவகியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதிலை அவள் இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்ததுபோல் உதடு அசைந்ததை நாங்கள் பார்த்தோம். கண்டக்டர் விசில் அடித்தான், பஸ் போய்விட்டது.

இரண்டு பேரும் பெட்டியைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. தேவகி கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், ருக்குமணி குறுக்கே குறுக்கே பேசினாள், ஒரு தரம் ருக்குமணி எழுந்து நின்று விரலை நீட்டினாள், ஒரு தரம் தேவகி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாலு மணி பஸ் வந்தது, நின்றது, போனது. அவர்கள் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. டீக்கடையில் நாங்கள் இன்னொரு டீ சொன்னோம்.